காத்தாடிக்குப் பொத்தான் இல்லை

என் அக்காவின் கிணறு வற்றியதற்குக் காற்றாலைகள்தான் காரணம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அக்காவே வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நிற்கும் அவற்றை நாங்கள் காத்தாடி என்போம். "மலையில இருந்து மேகம் நல்லா கறுத்து இறங்கி வருது. இந்த எளவெடுத்த காத்தாடி சுத்திச் சுத்தி அத அந்தால தள்ளி விட்டுருது. பின்ன கெணத்துல எப்பிடி தண்ணி நிக்கும்?" என்று கேட்பாள். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவன். மழை எப்படிப் பெய்கிறது, பெய்த மழை எங்கே போகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டே சுண்ணாம்புக்கட்டியைத் தீர்த்தவன். வகுப்பில் ஒரு பையன் காத்தாடிக் கதையைச் சொன்னால் பெஞ்சின்மேல் ஏற்றிவிடுவேன். ஆனால் அக்கா அதையே சொல்லும்போது பக்கத்தில் நின்று வேறெங்காவது பார்ப்பேன். காத்தாடி இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே எதனால் என்பதுதானே. அதற்கான பதிலில்தான் நான் குடியிருந்தேன்.

அப்பா போன பிறகு பாகம் வைத்தபோது, கிணற்றோடு சேர்ந்த மேட்டு நிலம் அக்காவுக்கு வந்தது. எங்கள் ஊரில் அதை விளை என்போம். அதை ஒட்டிச் சரிவில் கிடந்த வயல் எனக்கு. அத்தான் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். ஒரே மகளைத் திருவனந்தபுரத்தில் கட்டிக் கொடுத்தபின் அக்கா தனி ஆள். விளை முழுக்கப் பிச்சிச் செடி வைத்தாள். எங்கள் பக்கத்துப் பிச்சிப்பூவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மொட்டாகப் பறித்துத் தலையில் வைத்தால் மறுநாள் தலையணையும் மணக்கும். விடியுமுன்னே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவாள். வேறு யாரையும் செடியைத் தொட விட மாட்டாள். என் மனைவி ஒருநாள் உதவிக்குப் போய், "நீ பறிக்கியா, இல்ல செடிக்கு முடி வெட்டுகியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். பறித்ததைத் தோவாளைச் சந்தைக்குப் போகும் வேனில் ஏற்றிவிட்டுத்தான் பல் தேய்ப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழம் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கும், ஒரு முழம் என் மனைவிக்கும் வந்துவிடும்.

அந்தத் தோட்டம் அவளுக்குப் பிழைப்பு மட்டுமல்ல. மகள் பலமுறை கூப்பிட்டாள், திருவனந்தபுரத்துக்கே வந்து விடச் சொல்லி. "செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா? உனக்க மாமியாரா?" என்று கேட்டு அனுப்பிவிடுவாள். செடி இருக்கிறவரை அவள் யார் வீட்டிலும் போய் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வீடு கட்டினேன் என்று சொன்னால் பொய்யாகும். தெரியாமல் கட்டினேன் என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய்.

அதற்கு முன் நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருந்தோம். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் எப்போது தண்ணீர் திறந்துவிடுவார் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று என் மனைவி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சொல்லுவாள். கையில் இருந்தது வயல். வயலில் நேரடியாக எவனும் வீடு கட்ட மாட்டான், சட்டம் விடாது. அதற்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. முதலில் வயலில் மண்ணைக் கோரி மேடாக்கி வாழை வைப்பது. வாழைக்கு நடுவில் தென்னம்பிள்ளை வைப்பது. வாழை குலை தள்ளி முடியும்போது தென்னை தலையெடுத்திருக்கும். அப்போது அது வயல் இல்லை, தோப்பு. தோப்பில் ஒருத்தன் வீடு கட்டினால் என்ன தப்பு? ஊரில் எல்லோருக்கும் இந்த வித்தை தெரியும், எல்லோரும் இதைச் செய்துகொண்டிருந்தார்கள், ஆகவே யாரும் யாரையும் கேட்பதில்லை.

நானும் அப்படித்தான் செய்தேன். கன்னிப்பூ என்னும் முதல் போகத்து அறுப்பு முடிந்தது. அடுத்த போகமான கும்பப்பூவுக்கு நாற்று நடவில்லை, வாழைக்கன்று வைத்தேன். முதல் தென்னம்பிள்ளையை அக்காவின் கையால் வைக்கச் சொன்னேன், அவளுக்குக் கைராசி என்று பெயர். பிறகு லாரி லாரியாகச் செம்மண் வந்து விழுந்தது. எத்தனை கொட்டினாலும் வயல் விழுங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. லாரிக்காரர், "சார், இது நல்லா தண்ணி குடிச்ச மண்ணு, லேசுல நிறையாது" என்றார். அது பாராட்டா குறையா என்று யோசிக்கக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் பால்காய்ப்பு வைத்தோம். புது வீட்டுக்கு முதல் தண்ணீர் கூடப் பிறந்தவள் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அக்கா தன் கிணற்றில் கோரி, பித்தளைக் குடம் நிறைய, மாவிலை செருகி, இடுப்பில் வைத்து நடந்து வந்தாள். வாசலில் ஒரு கை தெளித்தாள். பிறகு அடுப்பில் பால் பாத்திரத்தில் ஒரு கை விட்டாள். "எனக்க கெணத்து வெள்ளம் பாத்துக்கோ. இந்த வீட்டுல தண்ணிக்கு முட்டுப்பாடே வராது" என்று சொன்னாள். பால் பொங்கியது. எல்லோரும் குலவையிட்டார்கள். அந்த வீட்டில் இன்றுவரை தண்ணீருக்கு முட்டுப்பாடு வரவில்லை.

கிணறு ஒரே நாளில் வற்றவில்லை. வயலாகக் கிடந்தபோது இரண்டு போகத்துக்கும் அதில் தண்ணீர் தேங்கி நிற்கும், அக்காவின் கிணற்றிலும் தண்ணீர் கிட்டத்தட்ட அதே மட்டத்தில் நிற்கும். ஐப்பசியில் குனிந்து சொம்பில் கோரியிருக்கிறோம். வீடு வந்து சில வருஷத்தில் கயிற்றோடு கயிறு முடிந்து போட வேண்டியதாயிற்று. பிறகு பங்குனியில் அடிப்பாறை தெரிந்தது. பிறகு தை மாசமே தெரிந்தது. அதற்குள் என் வீட்டைப் பார்த்து இரண்டு பக்கத்து வயல்களும் வாழை, தென்னை, வீடு என்று ஆகியிருந்தன. வாத்தியாரே கட்டிவிட்டார் என்று சொல்லித்தான் கட்டினார்கள். நான் முற்றத்தில் போர் போட்டிருந்தேன். சாயங்காலம் என் மோட்டார் ஓடும்போது வேலிக்கு அந்தப்புறம் அக்காவின் மோட்டார் இருமும். அந்த இருமல் கேட்டால் நான் டிவியில் சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

குழாய் போட்டுத் தண்ணீர் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். போட்டும் பார்த்தோம். எங்கள் போரும் கொஞ்ச நேரம் ஓடினால் காற்றைத்தான் துப்பும், வீட்டுக்கு மட்டும் பத்தும், தோட்டத்துக்குக் காணாது. அக்காவே குழாயைச் சுருட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். "உனக்க பிள்ளைய குளிக்காண்டாமா? விடு. அந்தக் காத்தாடிக்காரனுவ நல்லா இருக்க மாட்டானுவ" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மென்பொருள் வந்தது. அரசாங்கம் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்த சமயம். ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிக்கு ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தது. எங்கள் தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை, "சார், தண்ணீன்னா உம்ம பாடம்தான்" என்று என்னை அனுப்பினார். திரையில் ஒரு ஊர் கட்டம் கட்டமாகக் கிடக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் நெல், பூந்தோட்டம், வாழை, தென்னை, ரப்பர், வீடு, ரோடு, செங்கல் சூளை, குளம் என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அதற்குக் கீழே, அல்வாத் துண்டை வெட்டி வைத்த மாதிரி, பூமியின் உள்பக்கம். அதில் தண்ணீர் நீலமாக நிற்கும். நடுநடுவே கிணறுகள். 'அடுத்த வருஷம்' என்று ஒரு பொத்தான். தட்டினால் திரையில் மழை பெய்யும், கொஞ்சம் உள்ளே இறங்கும், கொஞ்சம் ஓடிப்போகும், நீலம் ஏறும் அல்லது தாழும். கிணற்றுக்கு எட்டாமல் நீலம் தாழ்ந்துவிட்டால் கிணறு சிவந்து மினுங்கும்.

அதைச் செய்த பையனே வந்து சொல்லிக்கொடுத்தான். கெட்டிக்காரன், தமிழிலேயே எல்லாம் எழுதி வைத்திருந்தான். இடைவேளையில் மற்றவர்கள் வடை தின்னப் போனார்கள். நான் உட்கார்ந்து ஒரு கட்டத்தில் நெல் வைத்தேன், பக்கத்துக் கட்டத்தில் பூந்தோட்டமும் ஒரு கிணறும் வைத்தேன். நெல்லை வாழையாக்கினேன். அடுத்த வருஷம். தென்னையாக்கினேன். அடுத்த வருஷம். வீடாக்கினேன். ஊரில் எந்த வரிசையில் செய்தேனோ அதே வரிசை. வீட்டுக் கட்டத்தில் பெய்த மழையெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடைக்குப் போனது. இன்னும் சில தட்டு தட்டினேன். கிணறு சிவந்தது. எனக்குத் தெரியாத ஒன்றையும் அது காட்டவில்லை. ஆனாலும் மூடி வைத்துவிட்டு வெளியே போய் என் பங்கு வடையைப் பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு ஊர் ஊராக அதைக் காட்டப் போனேன். அஞ்சுகிராமம் பக்கம், பத்மநாபபுரம் பக்கம் என்று சனி ஞாயிறெல்லாம் அதுதான் வேலை. லேப்டாப், புரொஜெக்டர், சுவரில் கட்ட ஒரு வெள்ளை வேட்டி. கரண்ட் போனால் பாட்டு வாத்தியார் மாதிரி கையை ஆட்டி ஆட்டி நேரத்தை ஓட்டுவேன். நன்றாகத்தான் பேசினேன், அதையும் சொல்ல வேண்டும். "வயல் என்பது நெல் விளையும் இடம் மட்டுமில்லை, ஊரோட தண்ணித் தொட்டி. அதை மூடுனா அடுத்தவன் கிணத்தை மூடுன மாதிரி" என்பேன். கை தட்டுவார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்கு என்னை விட்டால் வேறு ஆள் தேட வேண்டாம். கை தட்டல் கேட்டு முடிந்ததும் பஸ்ஸேறி அந்த வீட்டுக்கே வந்து, அந்தப் போர் தண்ணீரிலேயே குளிப்பேன். சோப்பு நுரை அடங்குவதற்குள் வெட்கமாக இருக்கும். மறுவாரமும் போவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தேன். அதில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த மாதிரி ஊரைத்தான் எல்லா இடத்திலும் காட்டினேன். எங்கள் ஊரைக் கட்டம் போட்டதே இல்லை. எங்கள் ஊரில் காட்டவும் இல்லை. பரீட்சை, கல்யாண முகூர்த்தம், கோயில் கொடைவிழா என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் எத்தனை நாளைக்கு? ஊர்க்காரர்களே சமுதாய நலக்கூடத்தில் ஒரு சாயங்காலத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் எனக்கே சொன்னார்கள்.

அக்கா சீக்கிரமே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சேலை. தம்பி பேசப் போகிறான் என்று பக்கத்தில் உள்ளவர்களிடம் சொல்லி முடித்திருந்தாள். நான் மாதிரி ஊரை வைத்துக்கொண்டு வழக்கம்போல ஆரம்பித்தேன். மழை பெய்தது, நீலம் ஏறியது, எல்லாம் ஒழுங்காகப் போனது. அக்கா கையைத் தூக்கினாள்.

"லே, எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. இதுல காத்தாடி எங்க இருக்கு?"

"காத்தாடி இல்லக்கா."

"அதெப்பிடி இல்லாம இருக்கும்? நம்ம ஊருல வீட்டவிட காத்தாடில்லா கூட. ஒண்ண வையி. வச்சுத் தட்டிப் பாரு, கெணறு வத்துகா இல்லையான்னு."

கூட்டம் ஆமா ஆமா என்றது.  புவியியல் வாத்தியார் சொல்ல வேண்டிய பதில் ஒரு வரிதான், காத்தாடிக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லை என்பது. என் வாயிலிருந்து வந்தது வேறு. "இதுல காத்தாடிக்குப் பொத்தான் இல்லக்கா. இத செஞ்சவங்க வச்சுத் தரல" என்றேன்.

"பின்ன என்ன எளவுக்கு இத செஞ்சானுவ" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அங்கேயே முடிந்திருக்கும். பின்வரிசையில் டீக்கடைக்காரர் எழுந்தார். அவருக்கு என்மேல் கோபமெல்லாம் கிடையாது, வாய்தான் கொஞ்சம் நீளம். "சார், இது எந்த ஊரோ என்னவோ. நம்ம ஊர போட்டுக் காட்டும். அப்பம்லா வெளங்கும்" என்றார். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வடக்கே குளம், அதற்குக் கீழே வயல், கிழக்கே சூளை என்று ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல நான் கட்டம் கட்டமாக வைத்தேன். அக்காவின் பிச்சித் தோட்டத்தை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அவளுடைய கிணற்றை வைத்தேன். பக்கத்துக் கட்டத்தை நெல்லாகவே விட்டிருந்தேன். கை தானாக அப்படி விட்டுவிட்டது.

"அங்க இப்பம் நெல்லா இருக்கு?" என்றார் டீக்கடைக்காரர். "உம்ம வீட்டையும் வையும் சார். வெட்கப்படாண்டாம்."

வைத்தேன். மற்ற இரண்டு வீடுகளையும் வைத்தேன். அடுத்த வருஷம் என்று தட்டினேன், தட்டினேன்.  சுவரில் கட்டிய வேட்டியில் அக்காவின் கிணறு சிவந்து மினுங்கியது. அது சூளைப் பக்கத்துக் கிணறு இல்லை, குளத்துப் பக்கத்துக் கிணறும் இல்லை, என் வீட்டுக்குப் பக்கத்துக் கிணறு. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அக்கா எழுந்து வந்தாள். "இத எப்பிடி தட்டணும்? காட்டு" என்றாள். மவுஸைப் பிடித்துக் காட்டினேன். அவள் விரல்கள் பூப்பறித்துக் கறை ஏறியவை, கையை மேசையில் அழுத்தி வைத்துக்கொண்டு அம்பை இழுத்தாள். முதலில் சூளைக்குப் போனாள், அதை வயலாக்கினாள். அடுத்த வருஷம் தட்டினாள். கிணறு சிவப்பாகவே இருந்தது. ரோட்டை எடுத்தாள். சிவப்பு. குளத்தை இரண்டு கட்டமாக்கினாள். நீலம் லேசாக அசைந்தது, கிணற்றுக்கு எட்டவில்லை. அம்பு என் வீட்டுக் கட்டத்துக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போனது.

"அக்கா, கெணத்துக்குப் பக்கத்து வீட்டத் தட்டுங்கோ. அத வயலாக்கிப் பாருங்கோ" என்று யாரோ சொன்னார்கள்.

"அது வீடு. அதுல ஆள் இருக்கு" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

பிறகு அம்பைத் தன் தோட்டத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிச்சிப்பூக் கட்டத்தைத் தட்டினாள். எதை வைக்க வேண்டும் என்று திரை கேட்டது. நெல், வாழை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் 'தரிசு' என்று இருந்ததைத் தட்டினாள். மழை பெய்தது. அடுத்த வருஷமும் பெய்தது. தோட்டத்துக்கு இறைக்காததால் நீலம் மெல்ல ஏறி, கிணற்றின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்குத் தொட்டது. சிவப்பு அணைந்தது.

கூட்டம் கை தட்டியது. எதற்கு என்று தெரிந்தா தட்டினார்கள்? அக்கா மவுஸை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். "கொள்ளாம்லே உனக்க கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. நிச்சயம் ஏதோ பேசியிருப்பேன், பேச எனக்குச் சொல்லியா தர வேண்டும்.

மறுவாரம் ஒருநாள் காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. வேலியோரம் போய்ப் பார்த்தேன். அக்கா பிச்சிச் செடிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பாதி விளை வெறும் மண்ணாகியிருந்தது. எடுத்த செடிகளை ஒருபக்கமாகச் சாய்த்து அடுக்கியிருந்தாள், சிலவற்றில் மொட்டு இருந்தது.  வேலியைத் தாண்டி ஓடினேன்.

"என்னக்கா செய்க? உனக்குக் கிறுக்கா?"

"நீதானலே காட்டினே. பூவ நிறுத்தினா குடிக்கவும் குளிக்கவும் வெள்ளம் நிக்கும்னு."

"நான் காட்டல. நீ தட்டினே. அது சும்மா ஒரு விளையாட்டு மாதிரி. பாடம் நடத்த உள்ளது."

"பொய்யா அப்பம்? ஊர் ஊராக் கொண்டு போயி பொய்யையா காட்டிட்டு வாற?"

 அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் சொல்லாததை அங்கேதான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி ஒரு முழு வீட்டை மறைத்துக்கொண்டிருந்தேன், இனி முடியவில்லை.

"அக்கா, கேளு. காத்தாடி இல்ல. காத்தாடி மழையத் தள்ளாது. எனக்க வீடுதான். வயல நான் மூடினதுதான். போர் போட்டதும் நான்தான்."

"தெரியும்லே" என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம் வந்தது. அவள் இன்னொரு செடியின் அடியில் மண்ணைத் தளர்த்தினாள்.

"எப்பம் தெரியும்?"

"அதுக்கு என்னத்துக்கு கம்ப்யூட்டரு? வயல்ல வெள்ளம் கெடந்தா கெணத்துல கெடக்கும், வயலு போனா போவும். ஊருல பூப்பறிக்கவ எல்லாரும் அதத்தான் சொன்னாளுவ. தம்பி வீட்டால உனக்க கெணறு போச்சேன்னு வந்து வந்து துக்கம் கேட்டாளுவ. நான் காத்தாடிதான்னு சொல்லி அடிச்சு வெரட்டிவிட்டேன்."

"பின்ன எனக்கிட்டயும் ஏன் அதையே சொன்னே?"

"உனக்கிட்ட என்ன சொல்லச் சொல்லுக?" என்றாள் அக்கா. நிமிர்ந்து முகத்தைத் துண்டால் துடைத்தாள். "நான் முதத் தண்ணி கொண்டு வந்து பால் காய்ச்சுன வீடு. அதக் கொற சொல்ல எனக்க வாயில வருமா? காத்தாடியச் சொன்னா காத்தாடிக்கு வருத்தம் வராது. உனக்கு வரும்."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்குச் சதை மட்டும் இல்லை, உள்ளே இருந்த எல்லாம் ஆடியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் தாங்கியிருப்பேன், கோபக்காரன்தானே, பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். இதற்கு நான் என்ன பேச? போரை மூடிவிடுகிறேன் என்றேன். வீட்டை விற்றுவிடுகிறேன் என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். "வித்தா வாங்குகவன் மட்டும் வயலாக்கிருவானா? ஒளறாத. வந்தது வந்தே, அந்தச் செடியப் பிடி" என்றாள். பிடித்தேன். அவள் தோண்டினாள், நான் இழுத்தேன். மண் காய்ந்து கிடந்ததால் வேர் இலகுவாக வந்தது. அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மத்தியானம்வரைக்கும் அக்காவின் தோட்டத்தை அக்காவோடு சேர்ந்து பிடுங்கினேன்.

வீட்டுக் கூரைத் தண்ணீரை அவள் கிணற்றுப் பக்கம் திருப்பிக் குழி வெட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அடுத்த மழைக்குப் பிறகு கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் நின்றது, திரையில் காட்டிய மாதிரியே, குடிக்கவும் குளிக்கவும். செடிக்குக் காணாது. மென்பொருள் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அதைச் செய்த பையனைப் பிறகு ஒரு கூட்டத்தில் பார்த்தபோது, காத்தாடிக்கு ஒரு பொத்தான் வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "வெச்சா என்ன ஆகணும் சார்?" என்றான். "ஒண்ணும் ஆகாண்டாம். தட்டிட்டு வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான்" என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

அக்கா இப்போது வருஷத்தில் பாதி நாள் திருவனந்தபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். அங்கே டிவி பார்த்துப் பார்த்துக் கால் வீங்குகிறது என்று போனில் சொல்வாள். ஊரில் இருக்கும் நாளில் வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்குப் பூவோடு வருவாள், சாமிக்கு ஒரு முழம், என் மனைவிக்கு ஒரு முழம். காலையில் பஸ்ஸேறி தோவாளைக்குப் போய், கூட்டத்தில் நின்று, மொட்டு வாங்கி வந்து, கட்டிக் கொண்டுவருகிறாள். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறாள். போன தடவை வந்தபோதும் கையில் வாழையிலைப் பொட்டலம். என் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டு, நான் சாமி படத்துக்குப் பூவைச் சார்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளையோரமா ரெண்டு செடி விட்டு வச்சேன்லா, அதுல உள்ள பூதான். நல்லா மணக்குல்லா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா, நம்ம தோட்டத்துப் பூ மாதிரியே இருக்கு" என்றேன்.